ஆயிரம் யார்டு இலக்குக்குத் தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

டெல்லித் தமிழர் வீடுகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டு இப்போது சாதாரணப் பேச்சாகிவிட்டது. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் ரேஞ்ச் துக்ளகாபாத்தில் இருக்கிறது. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் பெயர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ நாலு பேர் சேர்ந்தால் பேச்சு 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கி, யாரோ பார்த்த அமெரிக்க வீடியோவில் போய் நிற்கும். அதில் ஒருவர் மேக்னம் ரைஃபிளால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டை அடிக்கிறார். தோட்டாவையும் அவரே வீட்டில் நிரப்பியிருக்கிறார். "மருந்து கூடப் போட்டிருப்பான், அதான் அவ்வளவு தூரம் போகுது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்த விளக்கம் ஏறக்குறைய முழுக்கத் தவறு. ஏன் தவறு என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே இதில் செய்முறை கிடையாது, மருந்தின் அளவும் கிடையாது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் போட்டியாளர்கள் எதைத் தேடுகிறார்கள், அதற்குப் பின்னால் என்ன இயற்பியல் இருக்கிறது என்பது மட்டும்தான்.

## தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நாலு பாகங்கள். பித்தளைக் கூடு. கூட்டின் அடியில், ஊசி தட்டினால் தீப்பொறி கிளப்பும் பிரைமர். உள்ளே மருந்து, அதாவது எரிந்து வாயுவாகும் புகையில்லா வெடிமருந்து. முன்னால் செருகியிருக்கும் குண்டு. குழலை விட்டுப் பறந்து போவது இது மட்டுமே. இந்த நாலையும் தனித்தனியாக வாங்கி, கைக்கருவியால் சேர்த்துச் செய்வதைக் கைத்தோட்டா என்று வைத்துக்கொள்வோம்.

மருந்தையும் குண்டையும் கிரெயின் என்ற அளவில் எடை போடுவார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்.

மேக்னம் என்றால், அதே விட்டமுள்ள குண்டுக்குப் பின்னால் பெரிய கூடு, அதில் அதிக மருந்து. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் என்ற சாதாரணத் தோட்டாவும் 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும் சுடுவது 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே வகைக் குண்டைத்தான். முன்னது 175 கிரெயின் குண்டை நொடிக்குச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் அனுப்பும். பின்னது அதைவிடக் கனமான 190 கிரெயின் குண்டை 880 மீட்டர் வேகத்தில் அனுப்பும். குண்டு குழலை விட்டு வெளியேறும்போது உள்ள இந்த வேகத்துக்குக் குழல்வாய் வேகம் என்று பெயர்.

.300 மேக்னம் கூட்டின் அடியில் ஒரு பட்டை இருக்கும். அது கூட்டைப் பலப்படுத்துவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். கூடு அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் தடை அது, 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவிலிருந்து வந்த வழக்கம். பலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மேக்னத்துக்கு விலையும் உண்டு. தோளில் உதை அதிகம். குழலின் தொடக்கப் பகுதி சூட்டில் சீக்கிரம் அரித்துப்போகும். உதைக்குப் பயந்து, சுடும் முன்பே உடம்பு சுருங்கிக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

## அடுத்தவர் கணக்கு ஏன் நமக்குச் செல்லாது?

இட்லி மாவு அரைக்கிற டெல்லி வீடுகளுக்கு இது சட்டென்று புரியும். அம்மா சென்னையிலிருந்து சொன்ன அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு. ஜனவரியில் இரவு முழுக்க வைத்தாலும் மாவு அசையாது. போர்வை போர்த்தி, அணைத்து வைத்த ஓவனுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மே மாதத்தில் அதே மாவு மதியத்துக்குள் பாத்திரம் தாண்டி வழியும். கிரைண்டர் மாறினால் பதம் மாறும், உளுந்து வேறு கடையில் வாங்கினால் பொங்குவது மாறும்.

கைத்தோட்டாவும் இப்படித்தான். ஒரே பெயருள்ள இரண்டு ரைஃபிள்களில் அறையின் அளவு இம்மி வித்தியாசப்படும். ஒரு கம்பெனிக் கூட்டின் உள்கொள்ளளவு இன்னொரு கம்பெனியுடையதைவிடக் குறைவாக இருக்கும். ஒரே மருந்தின் இரண்டு உற்பத்தித் தொகுதிகள்கூட ஒரே வேகத்தில் எரிவதில்லை. எனவே இணையத்தில் யாரோ "எனக்கு இது அருமையாக வேலை செய்கிறது" என்று போடும் அளவு, அவருடைய ரைஃபிளைப் பற்றிய செய்தி மட்டுமே.

ஒரே வித்தியாசம், மாவு பொய்த்தால் அன்றைக்கு உப்புமா. இங்கே அது அழுத்தத்தின் விஷயம். .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு அமெரிக்கத் தரம் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. வளிமண்டல அழுத்தத்தைப் போல் நாலாயிரம் மடங்குக்கும் மேல். அது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி உருவாகிறது. தட்டையாகிப் போன பிரைமர், திறக்க மறுக்கும் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) ஆகியவை அபாய அறிகுறிகள்தான், ஆனால் அவை தெரியும்போது எல்லையை ஏற்கெனவே தாண்டியிருப்போம். அதனால்தான் மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ வெளியிடும் கையேட்டின் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது அங்கே விதி. கையேடு சொல்வதைவிட வேகம் அதிகமாக வந்தால் அனுபவசாலி சந்தோஷப்பட மாட்டார். வேகம் சும்மா கூடாது, அழுத்தமும் கூடியிருக்கிறது.

## நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம்

சரி, ஆபத்தில்லாத எல்லைக்குள் அதிக வேகம் தருவதுதான் நல்ல தோட்டாவா? இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள்.

குழலை விட்டதும் குண்டு கீழே விழத் தொடங்கிவிடும். 880 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அந்த 190 கிரெயின் குண்டு, 100 மீட்டர் போவதற்குள் குழலின் கோட்டிலிருந்து ஏழு சென்டிமீட்டர்தான் இறங்கும். 1000 யார்டு, அதாவது 914 மீட்டர் போவதற்குள் எட்டு மீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். இது ஒரு பிரச்சினையே அல்ல. எட்டு மீட்டர் என்று தெரிந்தால் தொலைநோக்கியின் திருகைச் சுழற்றி அவ்வளவு உயர்த்திக் குறிபார்த்தால் முடிந்தது. வேகம் 860 ஆக இருந்தால் இன்னும் கொஞ்சம் சுழற்ற வேண்டும், அவ்வளவே.

திருகால் சரிசெய்ய முடியாதது, ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு தோட்டாக்களின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வேறுபடுகிறது என்று கொள்வோம். 100 மீட்டரில் அதனால் வரும் ஏற்றத்தாழ்வு ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. 1000 யார்டில் அதே வித்தியாசம் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். எஃப்-கிளாஸ் எனப்படும் நெடுந்தூரப் போட்டியில், அமெரிக்க முறைப்படி 1000 யார்டு இலக்கின் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே சுமார் 25 சென்டிமீட்டர். கை நடுங்காமல், காற்றே இல்லாமல் சுட்டாலும் வளையத்தின் பெரும்பகுதியை வேக வித்தியாசம் மட்டுமே விழுங்கிவிடும்.

தூரம் ஒன்பது மடங்கு கூடியபோது பிழை நூறு மடங்கைத் தாண்டியதைக் கவனியுங்கள். கோணத்தில் வரும் பிழை தூரத்தோடு அதே விகிதத்தில் வளரும். 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 900 மீட்டரில் ஒன்பது. வேகத்தால் வரும் பிழை அப்படி வளர்வதில்லை. குண்டு காற்றில் இருக்கும் நேரம் கூடக் கூட, விழும் தூரம் அந்த நேரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போன படத்தைக் காட்டி "இந்தத் தோட்டா ஆயிரம் யார்டுக்கும் ஆகும்" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது, வேகம் எவ்வளவு மாறியது என்பதுதான்.

வேகம் ஏன் மாறுகிறது? மருந்தின் எடை, கூட்டின் கொள்ளளவு, கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம், பிரைமரின் சூடு, குண்டு செருகிய ஆழம். இத்தகைய மேக்னத்தில் பத்தில் ஒரு கிரெயின் மருந்து மாறினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மாறும். அதனால் எடையை ஒழுங்காகப் போட்டவுடன் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதியைக் கூடும் கழுத்தும்தான் தீர்மானிக்கின்றன. ஒரே தொகுதிக் கூடுகளை வாங்கி, எல்லாவற்றையும் சம தடவைகள் சுட்டு, ஒரே மாதிரி பதப்படுத்துவது என்று அங்கே ஆட்கள் கணக்குப் புத்தகம் வைத்திருப்பது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மேக்னம் தருவது வேகம், கைத்தோட்டா தர வேண்டியது அந்த வேகம் மாறாமல் இருப்பது. கடைசி 20 மீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்து மாற்றத்தைப் பாதியாக்க முடிந்தால், நெடுந்தூரப் போட்டியாளர் யோசிக்காமல் விட்டுக்கொடுப்பார்.

## குண்டும் காற்றும்

நாலு பாகங்களில் முதலில் தேர்ந்தெடுப்பது குண்டைத்தான், மருந்தை அல்ல. காற்றின் தடையை ஒரு குண்டு எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாக பி.சி., என்று பெயர். எண் பெரிதானால் வேகம் மெதுவாகக் குறையும். நீண்டு மெலிந்த கனமான குண்டுகளுக்குப் பி.சி. அதிகம். ஆனால் நீளமான குண்டு நிலைத்துப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகுக்கோடுகள் அதற்கு ஏற்றபடி நெருக்கமாக இருந்தால்தான் முடியும். ஆகவே குழல் எது என்று பார்த்துவிட்டுத்தான் குண்டு.

பக்கக்காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும்? குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அதைப் பொறுத்து என்று நினைப்போம். நிஜத்தில் அது தாமதத்தைப் பொறுத்தது. காற்றுத் தடையே இல்லாவிட்டால் நம் மேக்னம் குண்டு 914 மீட்டரை 1.04 நொடியில் கடந்திருக்கும். தடை இருப்பதால் சுமார் ஒன்றரை நொடி எடுக்கிறது. இடையில் உள்ள அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவான தாமதத்தைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்குங்கள், விலகல் கிடைத்துவிடும். காற்று நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். நல்ல பி.சி. உள்ள குண்டு இந்தத் தாமதத்தைக் குறைக்கிறது. வெறும் மருந்தைக் கூட்டி வேகம் ஏற்றுவதைவிட, நல்ல வடிவக் குண்டுக்கு மாறுவது பல நேரம் அதிகப் பலன் தரும்.

இந்த 45ஐ மேலே சொன்ன 15–20 சென்டிமீட்டரோடு வைத்துப் பாருங்கள். காற்றின் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால், மோசமான தோட்டா செய்யும் கெடுதலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெடுதல். கன்னத்தில் பட்டால் உணர்வதே கஷ்டமான காற்று அது. கொடியையும் கானல் அலையையும் பார்க்கப் பழகாதவருக்குத் தோட்டாவில் செலவழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் வீண் என்பது என் அபிப்பிராயம்.

குண்டு விஷயத்தில் இன்னொன்று. சியரா கம்பெனியின் 168 கிரெயின் மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காக உருவான குண்டு. அந்தத் தூரத்தில் அதற்குப் பெரிய பெயர். அதையே .308இல் போட்டு 1000 யார்டுக்குச் சுட்டால், இலக்கை நெருங்கும்போது வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டி இறங்கி, குண்டு தள்ளாடத் தொடங்கும். சில சமயம் காகிதத்தில் பக்கவாட்டில் விழுந்து நீள ஓட்டை போடும். மேக்னத்தின் உண்மையான லாபம் இங்கேதான் தெரிகிறது: 190 கிரெயின் குண்டு 1000 யார்டிலும் ஒலியைவிடத் தெளிவாக வேகமாகவே போய்ச் சேரும்.

## மூன்று குண்டு சுட்டுவிட்டு முடிவு செய்வது

இந்த விளையாட்டில் அதிகம் ஏமாற்றுவது எது என்று கேட்டால், கொஞ்சம் சுட்டுவிட்டு நிறையச் சொல்வது என்பேன்.

குண்டின் வேகத்தை அளக்கும் கருவி குரோனோகிராஃப். அது இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று, மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவானதுக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று திட்ட விலக்கம். வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. பள்ளிப் புள்ளியியலில் பார்த்த அதே ஆசாமிதான்.

உண்மையான திட்ட விலக்கம் நொடிக்கு 4 மீட்டர் உள்ள ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று சுட்டால் இடைவெளி சராசரியாக 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஐந்து சுட்டால் 9க்கு மேல். பத்துக்கு 12. இருபதுக்கு 15. தோட்டா மாறவே இல்லை. எண்ணிக்கை மட்டும் மாறியது. ஒருவர் மூன்று சுட்டு "எனக்கு 7தான்" என்பார், இன்னொருவர் இருபது சுட்டு "எனக்கு 15 வருதே" என்று கவலைப்படுவார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே தரமுள்ள தோட்டா.

திட்ட விலக்கமும் சிறு எண்ணிக்கையில் நம்பத்தக்கதல்ல. ஐந்து குண்டு சுட்டுக் கருவி 3 என்று காட்டினால், உண்மையான மதிப்பு 1.8லிருந்து 8.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்; நூற்றுக்கு 95 தடவை உண்மை அந்த எல்லைக்குள் விழும் என்பதுதான் கணக்கு. 1.8 என்றால் உலகத்தரம், 8.6 என்றால் குப்பை. இருபது சுட்டால் அதே 3க்கு எல்லை 2.3லிருந்து 4.4 வரை சுருங்கும். இப்போதுதான் பேச ஏதோ கிடைத்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'லேடர்' சோதனையைப் பாருங்கள். மருந்தைச் சிறுசிறு படிகளாக ஏற்றி, படிக்கு ஒன்றோ இரண்டோ சுட்டு, வேகமோ விழும் உயரமோ மாறாமல் தட்டையாக இருக்கும் இடத்தைத் தேடுவார்கள். அந்த இடத்துக்கு 'நோட்' என்று பெயர். சுடும்போது குழல் அதிர்கிறது, அதிர்வு சாதகமாக இருக்கும் அளவு அது என்பது விளக்கம். குழல் அதிர்வது உண்மை. ஆனால் படிக்கு ஒரு குண்டு சுட்டு வரைந்த கோட்டில், தற்செயலாகவே இரண்டு மூன்று தட்டை இடங்கள் வந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு: அதே படிகளை அடுத்த வாரம் மறுபடி சுட வேண்டும். தட்டை இடம் அதே அளவில் திரும்ப வந்தால் பேசலாம். வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டால் முதலில் பார்த்ததும் தற்செயல்தான். பெரும்பாலோர் அந்த இரண்டாவது தடவையைச் சுடுவதே இல்லை.

மேக்னத்தில் இதற்கு இன்னொரு தண்டனையும் இருக்கிறது. சோதனைக்காகச் சுடும் ஒவ்வொரு குண்டும் குழலின் ஆயுளைத் தின்கிறது. பத்து வகை மருந்து, ஐந்து வகைக் குண்டு என்று தேடி முடிப்பதற்குள், எந்தக் குழலுக்காகத் தேடினோமோ அது தேய்ந்திருக்கும். விவரமானவர்கள் பெயர் பெற்ற ஒரு குண்டு, அதற்குப் பொருந்தும் மெதுவாக எரியும் ஒரு மருந்து, குறைந்த அளவிலிருந்து ஏறி எட்டிய கையேட்டின் நடுவாந்திர அளவு என்று எடுத்து, இருபது சுட்டுப் பார்த்து, போதும் என்றால் நிறுத்திவிட்டுக் காற்றைப் படிக்கப் போய்விடுவார்கள்.

சுருக்கமாக: நாலைந்து குண்டுகளை வைத்துத் தோட்டாவைப் பாராட்டவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

## ஜனவரியும் மே மாதமும்

சூடான மருந்து வேகமாக எரியும். ஜனவரிக் காலையில் 7 டிகிரியில் சரியாக இருந்த தோட்டா, 45 டிகிரி மே மாத மதியத்தில் அதிக வேகமும் அதிக அழுத்தமும் காட்டும். குளிரில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் வைத்தவர் கோடையில் எல்லையைத் தாண்டுவார். வெப்பநிலையால் அவ்வளவாக மாறாத மருந்துகளும் சந்தையில் உண்டு; மாற்றம் குறையுமே தவிரப் பூஜ்யமாகாது. தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைப்பதும், சுட்டுச் சூடேறிய அறைக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்றுக்காகக் காத்திருப்பதும் இதே தப்புதான்.

காற்றும் தன் பங்குக்கு மாறும். 7 டிகிரியோடு ஒப்பிட்டால் 45 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 12 சதவீதம் குறைவு. தடை குறைவதால் குண்டு குறைவாக இறங்கும். வேகம் கூடியதும் தடை குறைந்ததும் ஒரே பக்கம் சேர்ந்து, கோடையில் குண்டு மேலே போய்ப் படும். வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதி வைக்காத குறிப்பேடு ஆறு மாதத்தில் உதவாமல் போய்விடும்.

## இங்கே இருப்பவர்களுக்கு

2010 காமன்வெல்த் விளையாட்டின்போது ஃபுல்போர் எனப்படும் பெரிய ரைஃபிள் போட்டிகளுக்குக் குர்கான் பக்கம் காதர்பூரில் உள்ள சி.ஆர்.பி.எஃப். வளாகம் போக வேண்டியிருந்தது. டெல்லியில் ஒரு தொடக்கநிலை வீரர் நிஜமாகத் தொடப்போவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளும், பிறகு 50 மீட்டர் .22 ரைஃபிளும்தான்.

.22 தோட்டாவில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்டபின் அதைத் திரும்ப நிரப்ப வழியில்லை, எனவே உலகில் எங்குமே .22 போட்டியாளர்கள் கைத்தோட்டா செய்வதில்லை. 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ வெறும் 10.4 மில்லிமீட்டர். அவர்கள் செய்வது லாட் சோதனை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் ஒரு குழலில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். குழலை அசையாமல் இறுக்கி வைத்து, தொகுதிக்குத் தொகுதி பல பத்துக் குண்டுகள் சுட்டு, சிதறல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, சீசனுக்கு வேண்டியதை அந்த எண்ணிலேயே மொத்தமாக வாங்கிவிடுவார்கள். பயிற்சிக்கு விலை குறைந்த வேறு பெட்டி போதும்.